புகையில் பிறந்த வேகம் – 6: எல்லோர் தாளிலும் 280

சென்ற வாரம் ஓர் எண்ணில் நிறுத்தியிருந்தோம்: 280.

நிஸ்ஸான், டொயோட்டா, மஸ்டா, மிட்சுபிஷி, சுபாரு எல்லாம் சந்தையில் ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்த நிறுவனங்கள். ஒருவர் எஞ்சின் மாதிரி இன்னொருவர் எஞ்சின் இருக்காது. அப்படியிருந்தும் 1990களில் ஜப்பானுக்குள் இவர்கள் விற்ற வேகக் கார்களின் விவரத்தாளைப் புரட்டினால், குதிரைத்திறன் என்ற இடத்தில் 280-ஐத் தாண்டி ஓர் எண்கூட இல்லை. அது எப்படி?

காரணம் சாவு. 1988-இல் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தோர் எண்ணிக்கை மீண்டும் 10,000-ஐத் தாண்டியது. டர்போ பொருத்திய கார்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூட்டிக்கொண்டே போன காலம் அது. அரசு கடுமை காட்டத் தொடங்கியதும், சட்டம் வந்து கையைக் கட்டுவதற்குள் நாமே அடங்கிவிடுவோம் என்று நிறுவனங்கள் முடிவெடுத்தன. 1989-இல் வெளிவந்த நிஸ்ஸான் ஃபேர்லேடி இசட் காரின் திறன் 280. அதுவே எல்லோருக்கும் உச்சவரம்பாக நின்றது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாத அந்த வாக்கு 2004 வரை நீடித்தது.

ஆனால் அடங்கியது தாள் மட்டும்தான். எஞ்சின் அடங்கவில்லை. ஒரு டர்போ எஞ்சினின் பலத்தை ஒளித்துவைப்பது எவ்வளவு எளிது என்று தெரிந்தால்தான் இந்த வாக்கின் உள்குட்டு புரியும்.

மயிலத்துக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நின்று கேளுங்கள். சென்னை–திருச்சி சாலையில் சரக்கு லாரி வேகம் பிடிக்கும்போது எஞ்சின் சத்தத்துக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழும். அதுதான் டர்போ. லாரி ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதே இல்லை. வண்டி ஆயிலைக் குடித்துப் புகை தள்ளினால் ‘டர்போ போயிடுச்சு’ என்று இறக்கிவிடுவார்கள். 1905-இலேயே சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை வாங்கிய யோசனை இது.

எஞ்சினில் எரிந்து சைலன்சர் வழியே வெளியேறும் சூடான புகையில் வீணாகப் போகும் விசை நிறைய. அந்தப் புகையின் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். கொல்லுப்பட்டறையில் துருத்தி செய்யும் வேலைதான். காற்று கூடினால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம், திறன் கூடும். சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அழுத்திய காற்று சூடேறுவதால் அதைக் குளிரவைக்க இன்டர்கூலர் வேண்டும். புகை வலுப்பெறும்வரை சக்கரம் சோம்பிக் கிடக்கும். மிதித்த கணத்தில் பிக்கப் வராமல், சற்றுத் தாமதித்து மொத்தமாக வந்து முதுகில் அறைவது அதனால்தான். காற்றின் அழுத்தம் அளவு மீறும்போது, சக்கரத்துக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிட ஒரு கதவும் உண்டு.

அந்தக் கதவை எப்போது திறப்பது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் திறந்தால் திறன் குறையும், தாமதித்துத் திறந்தால் கூடும். 1989 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர், அதாவது ரசிகர்கள் ஆர்32 என்று அழைக்கும் கார், தாளில் 280 குதிரைத்திறன்தான் காட்டியது. அதன் அழுத்தக் கட்டுப்பாட்டுக் குழாயில் குண்டூசித் துளைபோலச் சிறிய ஓட்டையுள்ள ஓர் அடைப்பான் செருகப்பட்டிருந்தது. அதை உருவி எடுத்தாலே அழுத்தம் ஏறும், திறனும் ஏறும். ஜப்பானிய மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

இந்த இடத்தில், கூட்ரோட்டுத் தம்பிகள் முதலில் கேட்கும் கேள்விக்கு வந்துவிடுகிறேன். “அண்ணே, ஆன்ரோடு எவ்ளோ ஆவும்?”

ஆர்32-இன் அன்றைய விலை 44.5 லட்சம் யென். இன்று அதை நம் நாட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை வணிகமாக இறக்குமதி செய்ய இந்திய விதி இடம் தருவதில்லை. புதிய தலைமுறை ஜி.டி.-ஆர் 2016 டிசம்பரில் இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலையே 1.99 கோடி ரூபாய். முழுக் காராகக் கப்பலில் வந்த வண்டி. இப்படிப்பட்ட விலையுயர்ந்த கார்களுக்கு அப்போது சுங்கவரி மட்டும் 100 சதவீதம். 3.8 லிட்டர் எஞ்சின், இரட்டை டர்போ, 570 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்று விநாடி போதும்.

“அப்ப நமக்கு எட்டாதா?” என்று சோர்ந்துபோக வேண்டாம். இதே சாலையில் வடக்கே போய் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். அங்கே 2010-இல் ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாகத் தொடங்கிய ஆலையில்தான் நிஸ்ஸானின் மேக்னைட் கார் உருவாகிறது. 2020 டிசம்பரில் அதன் அறிமுக விலை 4.99 லட்சத்தில் தொடங்கியது. டர்போ வகைக்கு விலை இன்னும் கூடுதல். டர்போ இல்லாத 999 சி.சி. எஞ்சின் தருவது 72 குதிரைத்திறன், டர்போ உள்ள 999 சி.சி. எஞ்சின் தருவது 100. இழுவிசை 96 நியூட்டன் மீட்டரிலிருந்து 160 ஆகிறது. அந்த டர்போ எஞ்சினின் சிலிண்டர் உட்சுவருக்கு இரும்பு உறைக்குப் பதிலாக மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு நுட்பம் ஜி.டி.-ஆரில் இருப்பது. மேக்னைட் வேகக் கார் இல்லை, குடும்பக் கார்தான். ஆனாலும் கோடி ரூபாய் காரின் நுட்பம் ஒன்று செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையில் சில லட்சம் ரூபாய் காருக்குள் இறங்கியிருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒரு வார்த்தை, தம்பிகளே. 280 என்ற வரம்பே சாலையில் விழுந்த உயிர்களால் வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர் சனம் நடந்து கடக்கும் சாலை இது. வேகம் பார்க்க ஆசை இருந்தால், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே போங்கள்.

விலைக்குத் திரும்புவோம். வெளிநாட்டில் பழைய ஜப்பானிய டர்போ கார்களுக்கு இன்று தங்க விலை. ஹாலிவுட் படத்தில் பால் வாக்கர் ஓட்டிய டொயோட்டா சூப்ரா 2021-இல் 5.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவர் ஓட்டிய ஸ்கைலைன் ஒன்று 2023-இல் 13.57 லட்சம் டாலரைத் தொட்டது. சினிமாவில் வந்த கார்கள் என்பதால் அந்த உச்சம், உண்மைதான். ஆனால் சினிமாவில் வராத பழைய ஜி.டி.-ஆர்களும் புதிதாக விற்றபோது இருந்ததைவிடப் பல மடங்கு விலை போகின்றன. இன்றைய கார்கள் பல அவற்றைவிட வேகமானவை. அப்படியென்றால் இந்த விலை வேகத்துக்கு இல்லை, பெயருக்கு. அந்தப் பெயர் விளைந்த இடம் பந்தயக் களம்.

ஆர்32-இன் எஞ்சின் அளவு 2568 சி.சி. ஏன் இப்படியொரு முழுமையில்லாத எண்? அன்றைய ‘குரூப் ஏ’ பந்தய விதிப்படி, டர்போ எஞ்சினின் அளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். பெருக்கிப் பாருங்கள்: 4366 சி.சி. வருகிறது. 4500 சி.சி. பிரிவுக்குள் அடங்கியாயிற்று. விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிறந்த எஞ்சின் அது. நான்கு சக்கரத்துக்கும் தேவைக்கேற்பத் திறனைப் பிரித்துத் தரும் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1990 முதல் 1993 வரை ஜப்பானியத் தேசியப் பந்தயத் தொடரில் 29 போட்டிகள் நடந்தன. இருபத்தொன்பதையும் வென்றது ஜி.டி.-ஆர்.

ஆஸ்திரேலியாவில் அதற்கு ‘காட்ஸில்லா’ என்று பெயர் சூட்டினார்கள். அங்கே அன்று ரசிகர்கள் ஃபோர்டு, ஹோல்டன் என்று இரண்டு கட்சி. இரண்டு கட்சியும் சேர்ந்து வெறுத்த ஒரே கார் இதுதான். மவுண்ட் பனோரமா மலையில் நடக்கும் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991-இல் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இணை இந்தக் காரில் வென்றது. மறு ஆண்டு அதிகாரிகள் காரின் மேல் கூடுதல் எடையை ஏற்றினார்கள், டர்போ அழுத்தத்துக்கும் கடிவாளம் போட்டார்கள்.

1992 அக்டோபர் 4. மொத்தம் 161 சுற்று. முன்னாள் உலகச் சாம்பியன் டென்னி ஹல்ம் காரை ஓட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் உயிரிழந்தார். பிறகு மலைமேல் மழை கொட்டியது. 144-ஆம் சுற்றில், முன்னணியில் இருந்த ரிச்சர்ட்ஸின் ஜி.டி.-ஆர் ஈரத்தில் வழுக்கி மோதியது. உடைந்த முன்சக்கரத்தோடு இறக்கத்தில் சறுக்கிப்போய், ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த கார்களின் மேல் விழுந்தது. பின்னால் வந்த டிக் ஜான்சனின் ஃபோர்டு சியரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஃபோர்டு ரசிகர்கள் வெற்றிக் கூச்சலிட்டார்கள்.

அப்போது அதிகாரிகள் விதிப்புத்தகத்தைப் பிரித்தார்கள். அதில் இருந்த ஒரு விதி, நொறுங்கிக் கிடந்த காருக்கும் ஓடிக்கொண்டிருந்த காருக்கும் இடையிலான கணக்கையே மாற்றக்கூடியது.

(அந்த விதி என்ன, கோப்பை யாருக்கு, கூட்டம் ஏன் கொதித்தது என்பது அடுத்த வாரம்)