ரிட்ராக்டரிலிருந்து கத்திக்கு: அறுவை சிகிச்சைப் பயிற்சி வந்த வழி

"ஏல, கல்லூரி ஆரம்பிச்ச கதையை நாலு பேரு எழுதிட்டாங்க. நீ சர்ஜரிக்காரன், அதைப் பத்தி எழுது. ஆனா பாடம் மட்டும் நடத்திராத!" மலர்க்குழுவில் இருக்கும் என் பழைய அறைத்தோழன் போனில் இட்ட கட்டளை இது. வாத்தியார் வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பாடம் நடத்தாமல் இருக்க முயல்கிறேன். உறுதி தர முடியாது.

2000-ஆம் ஆண்டில் நாம் முதல் அணியாக உள்ளே நுழைந்தபோது, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியில் 'சீனியர்' என்று ஒருவரும் கிடையாது. ராகிங் செய்ய ஆளில்லை என்று மகிழ்ந்தோம். அதன் மறுபக்கம் ஹவுஸ் சர்ஜன் ஆனபோதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்று, "இப்படிப் பிடிடா ஊசியை" என்று சொல்ல ஒரு வருஷம் மூத்த அண்ணனும் இல்லை. அப்போது இங்கே பி.ஜி. படிப்பும் கிடையாது. மேலே பேராசிரியர்கள், கீழே நாம், நடுவில் வெற்றிடம். அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடத்தில் பெரிய கேஸ் வந்தால், "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க" என்று பாளையங்கோட்டைக்கு அனுப்புவதே அந்நாளைய வழக்கம்.

அந்த நடு இடத்தை, அதாவது முதலாமாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு பி.ஜி. என்று படிப்படியாக ஏறும் அந்த ஏணியை, யார் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு படியிலும் அவனிடம் என்ன எதிர்பார்க்கிறோம்? இதுதான் என் கட்டுரை.

ஏணி பிறந்த கதை

அறுவை சிகிச்சை நெடுங்காலம் குருகுலத் தொழிலாகவே இருந்தது. குருவின் பக்கத்தில் நின்று, கட்டுப் போட்டு, கருவி எடுத்துக் கொடுத்துப் பழகியவனே பின்னாளில் கத்தியைத் தொட்டான். சென்னையில் 1664-இலேயே தோன்றிய பொது மருத்துவமனையுடன் 1835-இல் மருத்துவப் பள்ளி சேர்ந்தபோதும் வார்டே முதல் வகுப்பறை. நமக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் டாக்டர் சாமுவேல் கிரீன், பிறகு தமிழிலேயே பாடம் நடத்தினார். 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூலை 1867-இல் தமிழில் கொண்டுவந்தார். புத்தகம் தமிழில் வந்தாலும் கை பழகியது நோயாளியின் கட்டிலருகேதான்.

இந்தக் குருகுலத்துக்கு ஒழுங்கு கொடுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்தது. ஜெர்மன், ஆஸ்திரிய மருத்துவமனைகளில் தாம் பார்த்து வந்த முறையை அவர் அங்கே நாட்டினார். பயிற்சி மருத்துவர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். வருஷம் ஏற ஏறப் பொறுப்பும் ஏறும். இந்த 'படிப்படியான பொறுப்பு' என்பதே அவர் விட்டுச்சென்ற சொத்து.

ஆனால் அவருடையது கோபுரம். அடியில் பலர், உச்சியில் ஒருவர். எத்தனை வருஷம் என்ற கணக்கும் கிடையாது. குரு "போதும்" என்று சொல்லும் நாள்தான் படிப்பு முடியும் நாள். 1922-இல் அவர் மறைவதற்குள் முப்பது சொச்சம் ஆண்டுகளில் உச்சிக்கு வந்த தலைமை ரெசிடென்ட்கள் 17 பேர் மட்டுமே என்பார்கள். பின்னர் பாஸ்டன் நகரத்து எட்வர்ட் சர்ச்சில், கோபுரம் வேண்டாம், சேர்ந்தவர்கள் எல்லோரும் சமமாக ஏறி முடிக்கும் செவ்வகம் போதும் என்றார். இன்று நாம் அறிந்த முறை அவர் வழியில் வந்தது: சேருகிற எல்லோருக்கும் ஒரே கால அளவு, முடிவில் ஒரே பரீட்சை.

இந்தியாவில் எம்.எஸ். மூன்று வருஷம். 1975-இல் தேசியத் தேர்வு வாரியம் வந்து இன்னொரு கதவையும் திறந்தது. மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு முதுநிலை விதிகள் லாக் புக்கைக் கட்டாயமாக்கின. 2020-இல் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. இப்போது பி.ஜி. மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலும் வேலை பார்த்தாக வேண்டும். நாம் படித்த காலத்தில் மாவட்ட ஆஸ்பத்திரியே கல்லூரியாக மாறிக்கொண்டிருந்தது. இப்போது கல்லூரி மாணவர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறார். காலச் சக்கரம்!

மூன்று வருஷம், மூன்று மனிதர்கள்

முதலாமாண்டுக்காரன் எதையும் அறுப்பதில்லை என்று வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் வார்டையே சுமப்பவன் அவன்தான். கேஸ் ஷீட், ரத்த மாதிரி, டிரெஸ்ஸிங், கதீட்டர், ஸ்கேனுக்கு ஓட்டம். தியேட்டரில் அவன் பங்கு ரிட்ராக்டர். இரண்டு மணி நேரம் வயிற்றை விலக்கிப் பிடித்து நிற்க வேண்டும், உள்ளே நடப்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். பிறகு சீழ்க்கட்டி திறப்பது, காயம் தைப்பது, கொழுப்புக் கட்டி எடுப்பது. நெஞ்சில் ரத்தம் தேங்கி வருபவனுக்கு மேற்பார்வையில் குழாய் போடுவது. அவனிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: 'இந்த ஆள் சரியில்லை' என்று கண்டுபிடிக்கும் கண். நாடித் துடிப்பு 90-லிருந்து 120-க்கு ஏறியதைக் கவனித்து மேலே சொல்பவன், அந்த ஒரு செயலால் சில சமயம் பேராசிரியரைவிட அதிக உயிரைக் காப்பாற்றுவான்.

இரண்டாமாண்டில் கைக்குக் கத்தி வரும். குடல்வால், குடலிறக்கம், விரைவீக்கம், சர்க்கரை நோயில் அழுகிய விரலை எடுப்பது. எதிரே மூத்தவர் நிற்பார். யூராலஜி, பிளாஸ்டிக், குழந்தைகள் அறுவை என்று பிரிவுகளைச் சுற்றி வருவதும் இந்தக் காலத்தில்தான். ஆபத்தான வருஷமும் இதுதான். முதலாமாண்டில் பயம் காப்பாற்றும், மூன்றாமாண்டில் அனுபவம் காப்பாற்றும். இரண்டாமாண்டில் இரண்டுமே அரைகுறை!

மூன்றாமாண்டுக்காரன் ராத்திரி கேஷுவாலிட்டியின் ராஜா. ஓட்டை விழுந்த குடலை மூடுவது, முறுக்கிய குடலை வெட்டி இணைப்பது, பெரியவர்கள் துணையோடு தைராய்டு, மார்பகம், லாப்ராஸ்கோப்பி. ஆனால் அவனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை ஆபரேஷன் செய்தாய்?" என்பதல்ல. "யாருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னாய்?" என்பதே. கூடவே, முதலாமாண்டுத் தம்பிக்கு அவன் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தானா என்பதும்.

நான் செய்யாத போன்

இந்த ஏணியில் நான் வழுக்கிய கதையைச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். எம்.எஸ். படித்தது வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில், பெயர் வேண்டாம்.

நான் இரண்டாமாண்டு. ராத்திரி இரண்டு மணி. மூன்றாமாண்டு அண்ணன் பக்கத்து மேஜையில் குடல் முறுக்குக் கேஸில் இருந்தார். என் மேஜையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குடல்வால் அழற்சி. "வயித்தைத் திறக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடு" என்று உதவிப் பேராசிரியர் மாலையிலேயே சொல்லியிருந்தார். நான் போடவில்லை. தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. காலையில் ரவுண்ட்ஸில், "நானே முடிச்சிட்டேன் சார்" என்று சொல்ல ஆசை.

குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தேடி எடுத்து, அதன் ரத்தக் குழாயைக் கட்டி வெட்டினேன். கட்டு நழுவியது. குழாயின் முனை உள்ளே பின்வாங்கிப் போய்விட்டது. குழியில் ரத்தம் நிறைகிறது, உறிஞ்ச உறிஞ்ச நிறைகிறது. மயக்க மருந்து டாக்டர், "பிரஷர் இறங்குதுப்பா" என்றார். அப்போதும் பத்து நிமிஷம் போராடிவிட்டுத்தான் போன் செய்தேன்.

இருபது நிமிஷத்தில் வந்தார். திட்டவில்லை. கீறலைப் பெரிதாக்கினார், பஞ்சை வைத்து அழுத்தினார், நிதானமாகக் குழாயைத் தேடிப் பிடித்தார். நோயாளிக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். பிழைத்து, தாமதமாகத்தான் என்றாலும் நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டபோது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலையில் சீஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்குப் போன் பண்ணே?" சொன்னேன். "ரத்தம் வர்றது தப்பில்ல தம்பி. எனக்கும் வந்திருக்கு. போன் வராததுதான் தப்பு." அந்த மாதம் முழுக்க என்னை மறுபடி ரிட்ராக்டர் பிடிக்க வைத்தார். தண்டனை என்று அன்று நினைத்தேன். இல்லை, ஒரு படி கீழே இறக்கி மறுபடி ஏற்றினார், அவ்வளவுதான்.

கயிறு பிடிக்கிறவர்

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 1955 முதல் 1961 வரை இங்கே முத்துச் சலாபம் நடந்ததைச் சிறுவயதில் கண்ணால் பார்த்த பெரியவர்களிடம் நான் கதை கேட்டிருக்கிறேன். முத்துக் குளிப்பவர் காலைக் கல்லில் ஊன்றி, கயிற்றோடு கடலடிக்கு இறங்குவார். மூச்சு தாங்கும் வரைதான் வேலை. கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்றும் சொல்வார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது தூங்காமல் பிடிப்பானாம்!

பயிற்சி என்றால் அதுதான். வருஷம் ஏற ஏறக் கயிற்றின் நீளம் கூடலாம். கயிறே இல்லாமல் போகக் கூடாது. கீழே இருப்பவன் வெட்கப்படாமல் சுண்ட வேண்டும். மேலே இருப்பவன் விழித்திருக்க வேண்டும்.

விழித்திருப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரெசிடென்ட்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி வேண்டாம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-இலேயே நெறிமுறை வகுத்தது. அமெரிக்காவில் 2003-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். நம்மில் யார் 48 மணி நேரத்தோடு வீட்டுக்குப் போனோம்? 36 மணி நேரம் தொடர்ந்து நின்றதைப் பெருமையாகப் பேசிப் பழகிவிட்டோம். தூங்காத கை நடுங்கும் என்பதை நோயாளியிடம் மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்று லாக் புக். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நாலு படியாக அதில் எழுதுகிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து எழுதி, மொத்தமாகக் கையெழுத்து வாங்கினால் அது வெறும் காகிதம். நான் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்த பிறகு, அந்த ராத்திரியை நினைக்காமல் பேனாவைத் திறப்பதில்லை. 'தனியாகச் செய்தது' என்று நான் ஒப்பமிட்டால், நாளை அவன் ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நிஜமாகவே தனியாக நிற்பான். அங்கே பக்கத்து மேஜையும் இருக்காது, இருபது நிமிஷத்தில் வர ஆளும் இருக்காது.

இன்று நம் கல்லூரியிலும் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இருக்கிறது. துறைமுகத்தில் நசுங்கிய கை, உப்பளத்தில் புண்ணான கால், பைபாஸ் விபத்து எல்லாம் நம் கேஷுவாலிட்டிக்கே வருகின்றன. நமக்கு இல்லாமல் போன அந்த நடு ஏணி இப்போது இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று, "இப்படிப் பிடிடா" என்று சொல்ல அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள்.

முதல் அணி நண்பர்களே! சீனியர் இல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். இன்று நம்மில் பலர் யூனிட்டில் மூத்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை போன் செய்யாது. நான் செய்யாதது போல.

(அறைத்தோழா, பாடம் நடத்திவிட்டேன். மன்னித்துக்கொள்!)