அக்கா பொண்ணோட நோட்டும் ரத்தக்காட்டேரியும்

போன மே மாதம் உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தபோது ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சரிபண்ணப் போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அக்கா பொண்ணு ஒன்பதாவது முடிச்சிட்டு லீவுல இருந்தா. ஒரு நோட்டு முழுக்கக் கதை எழுதி வெச்சிருந்தா. தலைப்பு, 'ரத்தக்காட்டேரியின் காதல்'. "மாமா, நீங்கதான் நிறையப் படிப்பீங்களே, படிச்சிட்டுச் சொல்லுங்க" என்று கையில் கொடுத்தாள். கதை நடப்பது டிரான்சில்வேனியாவில், ஒரு மலைக்கோட்டையில். வகுப்புக்குப் புதுசாக வெளுத்த முகத்தோடு ஒரு அழகான பையன் வருகிறான். கண்ணாடியில் அவன் உருவம் விழுவதில்லை, வெயிலில் வரமாட்டான். அவன் உயிர் ஒரு பதக்கத்துக்குள் இருக்கிறது. கோட்டை மாடத்தில் நள்ளிரவில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் நடக்கிறாள். ஆமாம், ருமேனியாவில் வெள்ளைப் புடவை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்து இடத்தில் 'பழசு' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில், 'பார்க்காத ஊரைப் பத்தி ஏன் எழுதற?' என்று ஒரு வரி. நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. ரெண்டு நாள் கழித்து அக்கா கேட்டாள்: "என்னடா சொன்ன அவகிட்ட? நோட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா."

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஐந்து 'பழசு'ம் உறுத்திக்கொண்டே இருந்தது. பழசு என்றால் எவ்வளவு பழசு? யார் முதலில் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள்? ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அந்த அழகான பையன். ஐரோப்பாவில் வாம்பயர் பற்றிய பழைய ஆவணங்கள் கதைகள் அல்ல, அரசு அறிக்கைகள். 1725இலும் 1732இலும் செர்பியக் கிராமங்களில் செத்தவர்கள் எழுந்துவந்து ஆட்களைக் கொல்கிறார்கள் என்ற புகாரின் பேரில் ஆஸ்திரிய அதிகாரிகள் போய்ப் பார்த்து எழுதியவை. தோண்டியெடுத்த உடம்புகள் ஊதி, சிவந்து, வாயில் ரத்தத்தோடு கிடந்ததாகச் சொல்கின்றன. எல்லாம் சாதாரணக் கிராமத்து ஆட்களின் பிணங்கள். அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரில் தொடர்ந்து சாவு விழுகிறது, காரணம் தெரியவில்லை. அந்தப் பயம்தான் வாம்பயர்.

இந்தக் கிராமத்துப் பிணத்துக்குக் கோட்டு மாட்டி ஒரு பிரபுவாக்கியவர் ஜான் போலிடோரி. கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்தவர். 1819இல் வந்த அவர் கதையின் வாம்பயர் லண்டன் விருந்துகளில் உலாவும் கனவான். அந்தப் பாத்திரத்தில் பைரனின் சாயல் உண்டு. உண்மையில் உறிஞ்சுபவன் யார், கிராமத்துப் பிணமா, பங்களாக்காரப் பிரபுவா? கதையில் இப்படி ஒரு குத்தல் இருந்தது. 2005இல் வந்த ட்வைலைட் நாவலில் நூறு வயது தாண்டிய வாம்பயர் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து காதலிக்கும்போது, குத்தல் காணாமல் போய் அழகு மட்டும் மிச்சம்.

அடுத்தது டிரான்சில்வேனியா. இதில்தான் எனக்கு வெட்கமாகப் போனது. 1897இல் டிராகுலா எழுதிய பிராம் ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே கிடையாது. அவர் லண்டனில் ஒரு நாடகக் கொட்டகையின் மேலாளர். எமிலி ஜெரார்ட் என்ற பெண் அந்த ஊர் நம்பிக்கைகளைப் பற்றி 1885இல் எழுதிய கட்டுரையை வைத்து ஊரைக் கட்டினார். 'டிராகுலா' என்ற பெயரே விட்பி என்ற கடலோர ஊரின் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது. பார்க்காத ஊரைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று அந்தக் காலத்தில் எந்த மாமாவும் அவரைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

கண்ணாடியில் உருவம் விழாதது ஸ்டோக்கர் நாவலால் பரவியது. வெயில் விஷயம் அவருடையது இல்லை. அவருடைய டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பார். சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சம் பட்டதும் அழிந்துபோகும் வாம்பயர் 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் பிறந்தவர். திரையில் ஒருவர் வெளிச்சத்தில் கரைந்துபோனால் பார்க்க நன்றாக இருக்கும், இல்லையா? இன்று இதை ஆதிகாலத்து நம்பிக்கை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பதக்கத்துக்குள் இருக்கும் உயிர் எனக்கும் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். பாட்டி சொன்ன கதை. 1868இல் மேரி ஃப்ரியர் என்ற ஆங்கிலேயப் பெண், அன்னா லிபரேட்டா டிசூசா என்ற தன் ஆயா சொன்ன கதைகளைத் தொகுத்து வெளியிட்ட புத்தகத்திலும் இந்தக் கிளி இருக்கிறது. ரஷ்யக் கதைகளில் அது முட்டைக்குள் இருக்கும் ஊசி. ஹாரி பாட்டரில் வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டுபோட்டுப் பல பொருள்களில் ஒளித்துவைப்பதும் இதே வித்தைதான்; அதில் ஒரு பொருள் பதக்கமேதான். நம்ம பொண்ணு கடன் வாங்கியது பிரிட்டனிலிருந்து என்று நினைத்தேன். வட்டியோடு திரும்பி வந்த நம்ம சொத்து அது.

வெள்ளைப் புடவை சினிமாவிலிருந்து வந்தது. 1964இல் இந்தியில் வந்த 'வோ கௌன் தி', அதையே தமிழில் எடுத்த 1966இன் 'யார் நீ?' காலத்திலிருந்து நம் பேய்களுக்கு இதுதான் யூனிஃபார்ம். ஆனால் ஏன் வெள்ளை? எங்கள் உளுந்தூர்பேட்டை தாலுகாவிலேயே கூவாகம் இருக்கிறது. சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோவிலில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். களப்பலிக்குப் போகும் முன் அரவான் ஒரு நாளாவது கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, கிருஷ்ணனே மோகினியாக வந்து மணந்த கதை அது. மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். சின்ன வயதில் அந்த அழுகையைக் கேட்டவனுக்கு வெள்ளைப் புடவை பயம் காட்டும் உடை இல்லை, துக்கம். சினிமா துக்கத்தைக் கழற்றிவிட்டுப் புடவையை மட்டும் வைத்துக்கொண்டது. மோகினி என்ற பெயரும் அப்படித்தான். ஒரே நாளில் புருஷனை இழந்து அழுதவள் பெயர், ஆண்களை மயக்கிக் கொல்லும் பேய்க்குப் போய்விட்டது.

இவ்வளவும் பார்த்தபிறகு ஒரு சந்தேகம். திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் ஒரு விஷயம் தேய்ந்துபோகிறது என்றால், அம்புலிமாமாவின் வேதாளம் ஏன் தேயவில்லை?

அம்புலிமாமா 1947 ஜூலையில் நாகிரெட்டி, சக்ரபாணி இருவரும் சென்னையில் தொடங்கிய பத்திரிகை. விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். அறுபது ஆண்டுகள் போல அந்தப் பத்திரிகைக்கு வரைந்து, 2020இல் 96 வயதில் மறைந்தார். மாதாமாதம் அதே ராஜா, அதே பிணம், அதே மரம். முதல் பாராவும் கடைசி பாராவும் கிட்டத்தட்ட மாறாது. மூலத்தில் இருப்பது 25 கதைகள்தான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அவை உண்டு. அவை தீர்ந்தபிறகும் புதுக்கதைகளை வைத்து வேதாளத்தைப் பல ஆண்டுகள் பேசவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி நான் முதலில் புரட்டியதும் அந்தப் பக்கம்தான்.

காரணம் அந்தக் கதையில் இருக்கும் விதி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் வேதாளம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். கடைசிப் பாராவில் நடக்கப்போவது நமக்குத் தெரியும், ஆனால் கேள்வி என்ன என்று தெரியாது. மூன்று பேரில் யார் உண்மையான கணவன், யார் செய்தது பெரிய தியாகம் என்று ஒவ்வொரு மாதமும் நம்மையும் யோசிக்கவைத்தது. மூலக்கதையின் முடிவு இன்னும் அழகு. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நடக்கிறார், அதனால்தான் ஜெயிக்கிறார். பிறக்கும்போதே எல்லாம் எழுதப்பட்ட நாயகன், அவனுக்காகவே காத்திருக்கும் தீர்க்கதரிசனம் என்று வரும் இன்றைய சிறுவர் நாவல்களில், தெரியாததால் ஜெயித்த ராஜா எத்தனை பேர்?

மரத்தையும் கவனிக்கணும். சம்ஸ்கிருதத்தில் அது சிம்சபா மரம். தமிழுக்கு வந்ததும் முருங்கை ஆகிவிட்டது. கதை எங்கிருந்தோ வந்தது, ஆனால் நட்டது நம் கொல்லையில்.

இந்த வேதாளம் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. சென்னையில் வேலை பார்த்த பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1831இல் லண்டனில் அச்சானது. தொண்டைக்குள் பார்க்க உதவும் கண்ணாடிக் கருவியை உருவாக்கிய டாக்டரும் அவரேதான். பாபிங்டன் வேதாளத்தை வேதாளம் என்றே விட்டார். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் இன்னொரு வடிவத்தை எழுதியபோது தலைப்பிலேயே 'விக்ரமும் வாம்பயரும்' என்று போட்டுவிட்டார். ராஜாவின் ரத்தத்தைக் குடிக்க வராத, கதை சொல்லிக் கேள்வி கேட்கிற ஒன்றுக்கு வாம்பயர் என்று பெயர்.

அவர் செய்தது அநியாயம் என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நோட்டின் தலைப்பு ஞாபகம் வந்தது. 'ரத்தக்காட்டேரியின் காதல்'. வாம்பயருக்குத் தமிழில் நாம் வைத்த பெயர் என்ன? காட்டேரி. டப்பிங் படத்திலும் மொழிபெயர்ப்பிலும் அதுதான். ஆனால் எங்கள் பக்கம் பல குடும்பங்களுக்குக் காட்டேரி வீட்டுத் தெய்வம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள் அவளைக் கயானாவரைக்கும் கொண்டுபோய், இன்றும் அங்கே கும்பிடுகிறார்கள். அவளைத் தூக்கி ஒரு ஐரோப்பியப் பிரபுவின் கோட்டுக்குள் திணித்தது நாம்தான். அந்த நோட்டில் நான் 'பழசு' என்று குறிக்காமல் விட்ட ஒரே இடம் தலைப்பு. கண்ணில்கூடப் படவில்லை.

ஆக, எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு விஷயம் பலமுறை வருவதால் சலிப்பதில்லை. எதற்காக வந்தது என்பது கழன்றுபோய், உடை மட்டும் வரும்போது சலிக்கிறது. இதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சிவப்பு மையில் சொல்ல முடியாது. உட்கார்ந்து கதையாகச் சொல்லணும்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். பரணிலிருந்து நோட்டை நானே இறக்கி, "நான் எழுதினது தப்பு பாப்பா" என்று சொல்லி, போலிடோரியிலிருந்து கூவாகம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டாள். காட்டேரி பேச்சு வந்ததும் அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தார்.

"இவ வயித்துல இருக்கும்போது உங்கம்மாவுக்குக் காட்டேரி படையல் போட்டோம்டி. கருவாட்டுக் குழம்பு, முட்டை, முருங்கைக்கீரை. புள்ளையும் தாயும் நல்லபடியா வரணும்னு."

"அப்போ காட்டேரி ரத்தம் குடிக்காதா ஆயா?"

"குடிப்பா. அதனாலதான் அவளுக்கு முன்னாடியே சோறு போட்டுடறது."

அக்கா பொண்ணு அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் நான் தேவைப்படவில்லை.

போன வாரம் போனில் பேசினாள். கதையைத் திரும்ப எழுதுகிறாளாம். ஊர் இன்னும் டிரான்சில்வேனியாதான், அதை மாற்றமாட்டாளாம். ஆனால் கோட்டைக்குப் பின்னாடி ஒரு முருங்கை மரம் வருகிறது. அதன் அடியில் யாரோ தினமும் சோறு வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

"அந்தக் குளிர்ல முருங்கை வளராதே" என்றேன்.

"கதையில வளரும் மாமா."

சரி என்று விட்டுவிட்டேன்.