காலணா இதழும் அதனைக் காத்த வாசகர்களும்

நூல் ஒன்று அச்சேறினால் மட்டும் போதாது. அதனை விலை கொடுத்து வாங்குவோரும், படிப்போரும், படித்ததைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வோரும் இருந்தால்தான் அது வாழும். நம் மக்களின் வரலாறே இதற்குச் சான்று.

எழுத்தும் ஏடும் நமக்குப் புதியன அல்ல. திருக்குறள் ஓலைச்சுவடியைத் தம் பாட்டனார் கந்தப்பன் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். பள்ளி வாயில்கள் நமக்கு அடைபட்டிருந்த நாளிலும் நம் முன்னோர் சிலர் இல்லங்களில் கல்வி குடியிருந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். எப்பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தனரோ, அப்பெயரையே தலை நிமிர்ந்து இதழின் முகப்பில் பொறித்தார்.

அடுத்து, 1907 ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் அயோத்திதாசர். ஒரு பைசா என்பது அன்றைய காலணா. ரூபாய்க்கு 64 பைசா. ஓராண்டின் 52 இதழ்களுக்கும் 13 அணாவே விலை. ஏழை உழைப்பாளியும் வாங்க வேண்டும் என்னும் நோக்கம் பெயரிலேயே விளங்கியது. 1908-இல் அது ‘தமிழன்’ ஆயிற்று. வாசகர் வேண்டுகோளுக்கு இணங்கிச் செய்யப்பட்ட மாற்றம் அது! அவர்கள் இதழைப் படித்ததோடு நிற்கவில்லை. வினாக்கள் எழுதி அனுப்பினர். பண்டிதர் இதழிலேயே விடை தந்தார். அவரது ‘இந்திரர் தேச சரித்திரம்’ அவ்விதழில் தொடராக வந்ததே.

1914-இல் பண்டிதர் மறைந்தபின் இதழ் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் வாசகர் அதனை மறந்தாரில்லை. வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று, பூமிக்கடியில் பாறை பிளந்த தொழிலாளர்களிடையே அதற்கு ஆதரவு வேரூன்றியிருந்தது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே ‘தமிழனை’ மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டதும் அவ்வூர்ச் சித்தார்த்தா புத்தகசாலையே.

பின்னர்ப் பல்லாண்டுகள் பொதுவரலாறு பண்டிதரின் பெயரைச் சொல்லவில்லை. 1999-இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தபோது தமிழ் ஆய்வுலகம் வியந்து நோக்கியது. பழைய இதழ்களைப் பழந்தாள் என்று எடைக்குப் போடாமல் பேணிக் காத்தவர் சிலர் இல்லாதிருந்தால் அத்தொகுப்பு ஏது? எழுதியவர் ஒருவர், அவர் எழுத்தை அழியாமல் காத்தவர் பலர்.

இளைஞர்களே! நமக்கு மறுக்கப்பட்ட வரலாறு நூல்களில் காத்திருக்கின்றது. நாம் தேடிச் செல்லாவிடில் அது மீண்டும் மறையும். கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். திங்கள்தோறும் ஒரு நூலையேனும் முழுமையாகப் படியுங்கள். எழுத்தறியாத பெரியோர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஐயம் எழுந்தால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். வீட்டிலுள்ள பழைய மலர்களையும் இதழ்களையும் கட்டித் தொகுத்துக் காப்பாற்றுங்கள்.

சுரங்க இருளில் உழைத்தோர் காலணா சேர்த்து ஓர் இதழை வாழ வைத்தனர். கல்வியும் ஊதியமும் பெற்ற நாம் அதனினும் குறைவாகச் செய்தல் தகுமா?