மதுரை பாந்தர்ஸ்: தொடருக்கு முந்தைய கணிப்புகள்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டில் மதுரை அணி எந்த இடம் பிடிக்கும் என்று ஆண்டுதோறும் தொடருக்கு முன் போடப்படும் கணக்கு. 2016இல் தொடங்கிய இப்போட்டியில் 8 அணிகள் ஆடுகின்றன. லீக் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 7 ஆட்டங்கள். முதல் 4 இடங்களுக்குப் பிளே-ஆஃப். அமெரிக்கப் பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுவதால் அங்கே தற்செயல் மெல்லக் கரைந்துவிடும். இங்கோ ஒரே மழை, ஒரே மோசமான ஓவர் புள்ளிப் பட்டியலையே புரட்டிவிடும்.

இதற்கு 2018ஐவிடச் சிறந்த சான்று இல்லை. முதல் இரு தொடர்களிலும் தடுமாறிய மதுரையை அவ்வாண்டு நம்பியவர்கள் குறைவு. சென்னை சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் 117 ரன்னில் சுருண்டது. விரட்டிய மதுரை, தொடக்கத்திலேயே 3 விக்கெட்டை இழந்து தத்தளித்தது. அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் கடைசிவரை நின்று, 7 விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையை வாங்கித் தந்தனர். கட்டடக் கலை படித்த மதுரைச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி கவனம் பெற்றதும் அத்தொடரில்தான். அடுத்த ஐ.பி.எல். ஏலத்தில் அவரது அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய், போன விலை 8.4 கோடி. கணிப்பாளர்கள் அவரை முன்கூட்டிக் குறிக்காமல் போயிருந்தாலும் வியப்பில்லை: இத்தகைய வீரர்களைக் கண்டெடுக்கவே இத்தொடர் இருக்கிறது.

2023 முதல் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். அவ்வாண்டு அப்படி மதுரை வாங்கிய வாஷிங்டன் சுந்தரைப் போன்றவர்களை இந்திய அணி எப்போது அழைத்துக்கொள்ளும் என்பதையும் கணிப்பாளர் பார்த்தாக வேண்டும்.