பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

போர் விமானத்தின் கண்ட்ரோல் ஸ்டிக்கில் ஒரு பட்டன். அழுத்தினால் என்ன நடக்கும்? சுலபமான கேள்விதானே என்பீர்கள். 1982 டிசம்பரில் இஸ்ரேலில் 'லாவி' போர் விமானத்தின் மின்னணுப் பிரிவுக்கு வாரம் ஒருநாள் ஆலோசகராகப் போக ஆரம்பித்த டேவிட் ஹரேல் கேட்டது இதைத்தான். வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்காரர். தர்க்கவியல் தெரியும், விமானம் தெரியாது.

பதில் சொல்ல, தலையணை சைஸ் ஆவணங்களைப் புரட்டினார்கள். ஓரிடத்தில் ஒன்று போட்டிருந்தது, வேறோரிடத்தில் இன்னொன்று! எழுதியவர்கள் மண்டுகள் இல்லை. ராடார்காரருக்கு ராடார் அத்துப்படி. ஆனால் அதே பட்டனுக்கு வானச் சண்டையில் ஓர் அர்த்தம், தரைத் தாக்குதலில் வேறு அர்த்தம். உங்கள் பழைய செல்போனின் சிவப்பு பட்டன் மாதிரி. பேசும்போது அமுக்கினால் கால் கட். சும்மா இருக்கையில் அமுக்கிப் பிடித்தால் போனே ஆஃப்.

வட்டம் போட்டால் ஒரு நிலை, அம்பு போட்டால் நிலைமாற்றம் என்று 1950-களிலேயே படம் வரைந்தார்கள். சிக்கல் எங்கே? ஹாலில் பத்து ஸ்விட்ச் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆன், ஆஃப் சேர்க்கைகளுக்கெல்லாம் வட்டம் போட்டால் 1024! ஹரேல் புள்ளிக்கோடு கிழித்து, பத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இருபது பெட்டியில் கதை முடிந்தது. பெட்டிக்குள் பெட்டியும் போட்டார். முதலில் வார்த்தைகளில்தான் எழுதிப் பார்த்தாராம். ஓரத்தில் கிறுக்கிய படங்கள்தான் இன்ஜினீயர்களுக்குப் பிடித்துப்போயின.

ஹரேலே சொல்லும் சம்பவம் இது. ஒருநாள் விமானப்படை பைலட் ஒருவர் அறைக்குள் வந்தார். கரும்பலகையைப் பார்த்து "இதென்ன?" என்றார். பெட்டி நிலை, அம்பு மாற்றம். விளக்கம் அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் போல நின்று பார்த்தவர், இந்த அம்பு இங்கே போகக் கூடாது, அங்கே போகணும் என்றார். அவர் சொன்னது சரி!

ஓட்டப் போகிற மனிதனே தப்பைப் பிடிக்கிறான், அதுவும் விமானம் பறப்பதற்கு முன்பே. ஆவணத்தில் இது நடக்குமா?

ஹரேல் சகாக்களோடு 1984-ல் கம்பெனி தொடங்கினார். அவர்களின் 'ஸ்டேட்மேட்' மென்பொருளில் படம் திரையிலேயே ஓடியது. பிறகு படத்திலிருந்து புரோகிராமையும் கம்ப்யூட்டரே எழுதித் தந்தது.

விமானம்? 1987 ஆகஸ்டில் இஸ்ரேல் அமைச்சரவை 12-க்கு 11 என்ற ஓட்டில் லாவியை ரத்து செய்துவிட்டது. அதே வருஷம்தான் ஹரேலின் கட்டுரை அச்சேறியது. 1998-ல் கிளம்பிய நாசாவின் 'டீப் ஸ்பேஸ் 1' விண்கலத்தில், கோளாறுகளைச் சமாளிக்கும் மென்பொருளை இதே வகைப் படங்களிலிருந்துதான் உருவாக்கினார்கள்.