பகைவருக்கான மன்றாட்டு

பகைவருக்காக மன்றாடுவது கிறிஸ்தவருக்கு ஆண்டவர் இட்ட கட்டளை. பகைவரிடம் அன்பு கூரவும், துன்புறுத்துவோருக்காக வேண்டவும் மலைப்பொழிவில் (மத்தேயு 5:44) இயேசு கற்பித்தார். தம்மைச் சிலுவையில் அறைந்தோருக்காகத் தாமே வேண்டினார் (லூக்கா 23:34). கல்லெறியுண்டு இறந்த ஸ்தேவானும் அவ்வாறே செய்தார். அக்கொலைக்கு உடன்பட்டு நின்ற சவுல் பின்னாளில் பவுலானார். ஸ்தேவான் மன்றாடியிராவிட்டால் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து. தொடக்கத் திருச்சபையின் ஒழுங்கு நூலான ‘திதாக்கே’, துன்புறுத்துவோருக்காக நோன்பிருக்கவும் சொல்கிறது.

மனம் ஆறிய பிறகுதான் இம்மன்றாட்டைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. வெறுப்பு எஞ்சியிருக்கும்போதே பகைவரைப் பெயர் சொல்லி இறைவன்முன் நிறுத்தி, அவருடைய நலத்தையும் மனமாற்றத்தையும் கேட்க வேண்டும். சினத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. 109ஆம் சங்கீதம் கடுஞ்சினத்தை அப்படியே இறைவனிடம் கொட்டுகிறது. பழிதீர்ப்பதை மட்டும் இறைவனிடம் விட்டுவிட வேண்டும் என்பது பவுலின் அறிவுரை (உரோமையர் 12:19).

மலைப்பொழிவில் மாணவப் பருவத்திலேயே மனம் தோய்ந்த காந்தியடிகளும் இந்நெறியைத் தில்லியில் வாழ்ந்து காட்டினார். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மறுநாள், குண்டு வைத்த இளைஞரை வெறுக்கலாகாது என்றும், அவருக்கு நல்லறிவு தருமாறு இறைவனை வேண்ட வேண்டும் என்றும் காந்தியடிகள் கூறினார். அந்த மாதம் 30ஆம் நாள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ், தம் மகன்கள் பிலிப், திமொத்தியுடன் 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி மனோகர்பூரில் எரித்துக் கொல்லப்பட்டார். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் அறிவித்தார். தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். மன்னிப்பு வேறு, குற்றத்துக்குரிய தண்டனை வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்குத் தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு உயர் நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையைத் தில்லியில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 21 அன்று உறுதி செய்தது.

மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளுக்காக உழைத்த அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற சமந்தர் சிங்கை ராணி மரியாவின் தங்கை செல்மி பால் 2002இல் சிறையில் சந்தித்து, ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். ராணி மரியாவின் குடும்பத்தார் சமந்தர் சிங்கின் விடுதலைக்காகவும் முயன்றனர். 2006இல் அவர் விடுதலையானார். தாம் செய்ததை எண்ணி மனம் வருந்தி, அக்குடும்பத்தாரைக் கேரளத்துக்கே சென்று கண்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இம்மன்றாட்டு தீமையை நியாயப்படுத்துவதும் இல்லை, சட்டத்தின் பணியைத் தடுப்பதும் இல்லை. துன்புற்றவரைப் பழியுணர்ச்சியிலிருந்து விடுவித்து, துன்புறுத்தியவர் திருந்தி வருவதற்கும் அது வழிவிடுகிறது. தில்லித் திருச்சபைகள் தங்கள் ஞாயிறு வழிபாட்டின் பொது மன்றாட்டுகளில், நோயுற்றோருக்கும் துன்புறுவோருக்கும் இடமளிப்பதுபோலத் துன்புறுத்துவோருக்கும் வாரந்தோறும் இடமளிக்க வேண்டும்.