காவலூர் கண்ட நிலா

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைப்பாதையில், மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு குவிமாடம் எட்டிப்பார்க்கும். அறிவியல் ஆசிரியராக இருந்த நாளில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவேன். எல்லாரும் பெரிய குவிமாடத்துக்கே ஓடுவார்கள். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அதற்குள் இருக்கிறது. நான் அவர்களைச் சின்னக் குவிமாடத்தின் பக்கம் திருப்புவேன். அங்கே இருப்பது கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் தொழிற்சாலை செய்த 1 மீட்டர் தொலைநோக்கி. 1972-இல் வந்தது. "இதுக்குள்ள இருந்துதான் நம்ம மலை ஒரு நிலாவைப் பார்த்துச்சு" என்பேன்.

காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையை வானாய்வகத்துக்காகத் தேர்ந்தவர் வானியலாளர் வைனு பாப்பு. சூரியனைப் பார்க்கக் கோடைக்கானல் ஆய்வகம் இருந்தது. இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும். காவலூர் நிலநடுக்கோட்டுக்கு 12.5 பாகைதான் வடக்கே இருப்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். ஊர் வெளிச்சமும் எட்டாது. 1968-இல் கோடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது.

அங்கே செய்த வேலைகளில் என் மனசுக்கு நெருக்கமானது 'மறைப்பு' பார்ப்பது. கிரகணத்தன்று என் பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்து, அது விழும் நேரத்துக்காகக் காத்திருப்பாள். காவலூரில் காத்திருந்தவர்களின் கையில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி. ஒரு கோளோ நிலாவோ நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் சட்டென்று அணைந்தால் அங்கே காற்று இல்லை. மெல்ல மங்கினால் காற்று உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலா கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் பார்த்தார்கள். கனிமீடுக்கு மெல்லிய காற்றுப் போர்வை உண்டு என்று முடிவு சொன்னார்கள். 1979-இல் அருகே போன வாயேஜர் விண்கலம், அவர்கள் கணித்ததைவிட அந்தப் போர்வை மிக மிக மெல்லியது என்று காட்டியது.

அடுத்தது 1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணித்திருந்தார்கள். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே 1 மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். கோளின் விளிம்புக்கு வெளியே, எதுவும் மறைக்கக் காரணமில்லாத நேரத்தில், நட்சத்திரம் சில விநாடிகள் மங்கி மீண்டது. எனக்கு அப்போது 21 வயது. மலையடிவாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

யுரேனஸுக்குப் புதிய நிலா என்று இருவரும் அந்த ஆண்டே நேச்சர் இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இரு பக்கமும் ஒரே வரிசையில் மங்கல்கள் வந்ததைக் கண்டார்கள். அப்படியானால் அவை வளையங்கள். காவலூர் கண்டதும் வளையம்தான். பிள்ளைகளிடம் நான் இதை மறைத்ததில்லை. சுமார் 270 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாத ஒன்று நட்சத்திரத்தைத் தொட்டுப் போனதை அந்த இரவில் நம் மலையில் பிடித்தார்களே, அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்று வேற்றுச் சூரியன்களின் கோள்களுக்கு நிலா தேடுபவர்கள் செய்வதும் இதே மங்கல் கணக்குத்தான். ஆனால் பூமி அளவுள்ள ஒன்று நம் சூரியனைக் கடந்தால் மறையும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெப்ளர்-1625பி என்ற கோள் சுமார் 8,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 2018-இல் அலெக்ஸ் டீச்சியும் டேவிட் கிப்பிங்கும் ஹபிள் தொலைநோக்கியில் 40 மணி நேரம் பார்த்த ஒளியைக் கொண்டு, அதற்கு நெப்டியூன் அளவு நிலா இருக்கலாம் என்றார்கள். மறு ஆண்டே வேறொரு குழு அதே பதிவுகளை அலசி, அந்த மங்கலே இல்லை என்றது. இதுவரை அப்படி ஒரு நிலாவும் உறுதியாகவில்லை. வாதம் ஓயவில்லை.

ஏன் நிலாவை இப்படித் துரத்த வேண்டும் என்று ஒரு முறை எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். "சார், அங்க குளிர்ல உறைஞ்சுதானே கிடக்கும்?" நல்ல கேள்வி. 1979 மார்ச் தொடக்கத்தில் பீல், கசன், ரெனால்ட்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அதற்கு விடை எழுதியிருந்தார்கள்: பெரிய கோளின் ஈர்ப்பு நிலாவை விடாமல் பிசைந்தால் உள்ளே சூடு பிறக்கும். அது அச்சாகிச் சில நாளில் வியாழனின் ஐயோ நிலாவில் எரிமலை குமுறுவதை வாயேஜர் படம் பிடித்தது. வெயில் எட்டாத இடத்திலும் பனிக்கு அடியில் தண்ணீர் உருகியிருக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது அதற்குப் பிறகுதான். தண்ணீர் இருந்தால் உயிரும் இருக்கலாம்.

கனிமீடின் பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு ஹபிள் தந்த சான்றை 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே போக ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரலில் கிளம்பிவிட்டது. 2034 இறுதியில் கனிமீடைச் சுற்றத் தொடங்க வேண்டும். அப்போது எனக்கு 78 வயதாகியிருக்கும். முட்டி ஒத்துழைத்தால், அன்றைக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு சின்னக் குவிமாடத்தடியில் போய் நிற்பேன்.